பெயரற்ற துகளுக்குப் பெயர் தந்தவர்

மடுல்கெல்லவில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவன் ஒருவன், போசன் என்னும் துகளின் பெயரில் வங்காளத்தார் ஒருவர் உறைகின்றார் என்பது மெய்யோ என வினவினான். அவனுக்கு விடை தேடப் புகுந்த யான், ஓர் ஆசிரியரின் வாழ்க்கையில் ஆழ்ந்து போனேன்.

சத்தியேந்திர நாத் போஸ் 1894 சனவரி 1இல் கல்கத்தாவிற் பிறந்தார். 1921இல் டாக்காப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். பிளாங்கின் கதிர்வீச்சு விதிக்கு அந்நாள் வழங்கிய நிறுவல் அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஒளித்துகள்களைப் புதுமுறையில் எண்ணி அவ்விதியைப் பெற்றார். இரு துகள்களை இரு பெட்டிகளில் இடும் வழிகள் 4 என்பர். துகள்கள் தம்முள் வேறுபாடற்றவையாயின் வழிகள் 3 மட்டுமே. 1924 சூன் 4இல் தம் கட்டுரையை ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். அப்பேரறிஞர் தாமே அதனை ஜெர்மன் மொழியிற் பெயர்த்து வெளியிடச் செய்தார். இலத்திரன் போன்றவை வேறினம். ஒரு பெட்டியில் ஒன்றே தங்கும். அவை ஃபெர்மியின் பெயரால் ஃபெர்மியன்கள் எனப்பட்டன. போசன் என்னும் பெயரை 1945இல் டிராக் வழங்கினார்.

பின்னெழுந்த குவாண்டம் புலக்கொள்கையில் துகளை ஆக்கும் செயலியும் அழிக்கும் செயலியும் உள. தேன்குடமும் குடத்தேனும் வேறாதல் போல, இவற்றின் வரிசை மாறின் பயனும் மாறும். வரிசை பேணாது வெற்றிடத்தின் சக்தியைக் கணித்தால் முடிவிலாத் தொகை வந்து நிற்கும். ஆதலின் ஆக்குவனவற்றை இடப்புறமும் அழிப்பனவற்றை வலப்புறமும் நிறுத்துவர். வலப்புறத்ததே முதலிற் செயற்படும். துகளற்ற வெளியில் அழிப்பதற்கு ஒன்றுமின்மையால் விடை பூச்சியமாகும். அங்ஙனம் நிறுத்துங்கால் போசன்கள் இடம் மாறினும் குறி மாறாது. ஃபெர்மியன்கள் இடம் மாறுந்தோறும் ஒரு கழித்தற்குறி சேரும். இவ்வொழுங்கின் மீதே 1950இல் விக் தம் தேற்றத்தை நிறுவினார். இவ்விதியைப் போஸ் வகுத்தாரல்லர். எனினும் இவ்வேறுபாட்டின் ஒரு வேர் அவர் எண்ணிய எண்ணிக்கையில் உளது.

தமிழாசிரியனாகிய என் நெஞ்சைத் தொட்டது பிறிதொன்று. விஞ்ஞானத்தைத் தாய்மொழியில் உணர்த்த இயலாது என்பாரை அவர் ஏற்றிலர். 1948இல் வங்காள விஞ்ஞானக் கழகத்தைத் தோற்றுவித்து, வங்க மொழியிலேயே விஞ்ஞானத் திங்களிதழும் வெளிவரச் செய்தார். நோபல் பரிசு பெறாமலே 1974 பெப்ரவரி 4இல் மறைந்தார்.

இவற்றையெல்லாம் மாணவனுக்குத் தமிழிலேயே உரைத்தேன். தேன்குடம் என்றதும் அவன் முகம் மலர்ந்தது. போஸ் விரும்பிய பரிசு அம்மலர்ச்சியே எனக் கருதுகின்றேன்.