அசோகர் ஏற்றுக்கொண்ட பொறுப்பு

வேந்தர்களின் கல்வெட்டுகள் பெரும்பாலும் வெற்றியையே பேசுவன. வென்ற நாடுகளும் பெற்ற திறையும் அவற்றில் நிறைந்திருக்கும். தம் போரில் மாண்டவர்களின் தொகையை வருத்தத்தோடு கல்லில் பொறித்த மன்னர் மிக அரியர். அவர்களுள் தலையாயவர் மௌரியப் பேரரசர் அசோகர்.

அசோகர் பிந்துசாரரின் மைந்தர். சந்திரகுப்த மௌரியரின் பேரர். அச்சந்திரகுப்தர் பத்திரபாகு முனிவருடன் தென்னாடு போந்து, சிரவணபெளகொளாவில் சல்லேகனை நோற்று உடல் நீத்தார் என்பது நம் மரபு. அவருடைய பேரரோ, கி.மு. 268 அளவில் முடிசூடி, எட்டாண்டுகள் கழிந்தபின் கலிங்கத்தின்மீது படையெடுத்தார்.

அப்போரின் விளைவை அசோகரே தமது 13ஆம் பாறைக் கல்வெட்டில் கூறுகிறார். நாடு கடத்தப்பட்டோர் 1,50,000 பேர். கொல்லப்பட்டோர் 1,00,000 பேர். வேறு வகையில் மடிந்தோர் அதனினும் பன்மடங்கினர். இவை முழு எண்களாகத் தரப்பட்ட மதிப்பீடுகளே எனினும், கூறியவர் வென்ற மன்னரே என்பது நினையத்தக்கது. அத்துடன், அறவோரும் இல்லறத்தாரும் உற்ற துயரையும், தாம் தப்பிப் பிழைத்தும் சுற்றத்தாரை இழந்தோரின் வேதனையையும் அவர் எண்ணிப் பார்க்கிறார். இத்துன்பத்தில் நூற்றில் ஒரு பங்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு நேரினும் அது தமக்குப் பெருந்துயரே என்கிறார்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவகையாலும் இம்சை விளையும் என்பது ஜினதர்மத்தின் துணிபு. வாளெடுத்தவர்கள் வீரர்கள், ஆணையிட்டவர் அரசர். அசோகர் படைத்தலைவர்மீதோ ஊழ்மீதோ பழியைச் சுமத்தவில்லை. கலிங்கத்தை வென்றவர் தாமே என்று கூறி, அதற்காகத் தாமே வருந்துகிறார்.

வருத்தம் ஆட்சிமுறையிலும் வெளிப்பட்டது. கலிங்கத்தைச் சார்ந்த தௌலி, ஜௌகடா ஆகிய இடங்களில் அதிகாரிகளுக்கென்றே தனிக் கட்டளைகள் பொறிக்கப்பட்டன. காரணமின்றி எவரும் சிறைப்படலாகாது, வதைக்கப்படலாகாது. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல் ஆகியவை அதிகாரிகளிடம் இருத்தலாகாது. இவற்றை மேற்பார்க்க ஐந்தாண்டுக்கொருமுறை மென்மையுள்ள அலுவலர் சுற்றிவர வேண்டும். மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததைக் கூறும் அவருடைய மற்றொரு கல்வெட்டு, சோழ பாண்டிய நாடுகளையும் குறிப்பிடுகிறது. நிர்க்கிரந்தரின் நலம் பேணவும் அவர் தரும மகாமாத்திரரை நியமித்தார்.

ஆயினும் உண்மையை மறைத்தல் நமக்குத் தகாது. வென்ற கலிங்கத்தை அசோகர் விடுவிக்கவில்லை. நாடு கடத்தப்பட்டோர் திரும்ப அழைக்கப்பட்டதாகக் கல்வெட்டுகளில் செய்தியில்லை. வருத்தம் கூறும் 13ஆம் கல்வெட்டு தௌலியிலும் ஜௌகடாவிலும் காணப்படவில்லை. துயருற்ற மக்களின் மண்ணிலேயே அது விடப்பட்டுள்ளது. பிற்காலத்தில் ஜைன மன்னர் காரவேலரின் கீழ்க் கலிங்கம் மீண்டும் தனியரசாய் விளங்கியதை, தௌலிக்கு அணித்தான உதயகிரியின் அத்திகும்பாக் கல்வெட்டு காட்டுகிறது.

குறைகள் இருப்பினும் அசோகரிடம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. போர் தொடுக்கும் அரசு, தன் வீரரை மட்டுமன்றி எதிர்நாட்டில் மாண்டாரையும் எண்ண வேண்டும். அவ்வெண்ணிக்கையை மறைக்காது வெளியிட வேண்டும். ஆணையிட்டவர் அதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

சிராவகராகிய நமக்கும் இதில் பங்குண்டு. போர்க்களம் செல்லாது இல்லத்திலிருந்தே அழிவைக் கேட்டு மகிழ்வதும் உடன்படுதலேயாம். வெற்றிச் செய்தி வரும்போது, மாண்டவர் எத்தனை பேர் என்று வினவும் மனத்தை நாம் வளர்த்துக் கொள்வோமாக.