சரிபார்க்கக் கற்றுத்தந்த அறிஞர் ஆலன் டூரிங்

கணிப்பொறி இயலின் தந்தை எனப் போற்றப்படுபவர் ஆங்கிலக் கணித அறிஞர் ஆலன் டூரிங். அவருடைய குடும்பத்துக்கு நம் மண்ணோடு இருந்த தொடர்பை நம்மில் பலர் அறியோம். தாயார் ஈத்தல் சாரா 1881-ஆம் ஆண்டு கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் ஸ்டோனி மதராஸ் இரயில்வேயின் தலைமைப் பொறியாளர். தந்தையார் ஜூலியஸ் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. அண்ணன் ஜான் பிறந்தது குன்னூரில். ஆலன் மட்டும் 23-6-1912 அன்று இலண்டனில் பிறந்தார். பெற்றோர் இந்தியாவில் பணியில் இருக்க, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவர் வீட்டில் வளர்ந்தனர்.

கேம்பிரிட்ஜில் பயின்ற டூரிங் 1936-இல், தம் இருபத்து நான்காம் வயதில், கணக்கிடும் இயந்திரத்தால் எது இயலும், எது இயலாது என்று வரையறுத்தார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியரின் எனிக்மா இரகசியக் குறியீட்டை உடைத்தவர்களுள் முதன்மையானவர். இவை எல்லா நூல்களிலும் உள்ளவையே. என் மனத்தைக் கவர்ந்தது 24-6-1949 அன்று கேம்பிரிட்ஜ் மாநாட்டில் அவர் படித்த மூன்றே பக்கக் கட்டுரை.

ஆய்வகத்தில் நாம் காரணீயப் பெருக்கத்துக்குப் புரோகிராம் எழுதுகிறோம். 5 கொடுத்தால் 120 வருகிறது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்தும் விழுந்துவிடுகிறது. 6-க்கும் 7-க்கும் சரியாக வருமா? எத்தனை எண்களைத்தான் கொடுத்துப் பார்ப்பது! டூரிங் எடுத்துக்கொண்டதும் இதே கணக்குத்தான். ஆனால் அவர் புரோகிராமில் பெருக்கலே கிடையாது. திரும்பத் திரும்பக் கூட்டித்தான் பெருக்க வேண்டும். ஆகவே லூப்புக்குள் ஒரு லூப்.

நீண்ட கூட்டல் கணக்கில் விடை மட்டும் இருந்தால், சரிபார்ப்பவர் முழுவதையும் மறுபடி போட வேண்டும். அடுத்த வரிசைக்குக் கொண்டுசென்ற எண்களும் குறிக்கப்பட்டிருந்தால், ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியே பார்த்துவிடலாம். அதுபோல, புரோகிராமின் முக்கியமான இடங்களை அடையும்போது எது உண்மையாக இருக்கும் என்பதை எழுதியவரே குறித்துவைக்க வேண்டும் என்றார் டூரிங்.

நம் அரியலூர் வழக்கில் சொல்கிறேன். கிடங்கிலிருந்து லாரிக்கு 300 சிமெண்டு மூட்டை ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு மூட்டையும் லாரியில் இறங்கியபின் பார்த்தால், கிடங்கில் உள்ளதும் லாரியில் உள்ளதும் சேர்ந்து 300. (மூட்டை தோளில் இருக்கும்போது பார்க்கக் கூடாது, எந்த இடத்தில் பார்க்கிறோம் என்பது முக்கியம்.) கிடங்கு காலியானால் லாரியில் 300 இருந்தே தீரும். எண்ண வேண்டியதில்லை. டூரிங்கின் கணக்கிலும் வெளி லூப்பின் தொடக்கத்தில் ஒரு பெட்டியில் 4 இருந்தால், மற்றொன்றில் அதன் காரணீயப் பெருக்கமான 24 இருக்கும். உள் லூப் இன்னும் நான்கு முறை 24-ஐக் கூட்டி 120 ஆக்குகிறது. முதற்பெட்டி 5 ஆகிறது. கூற்று பொய்க்கவில்லை. வகுப்பில் படித்த கணிதத் தொகுத்தறிதல் முறைதான் இது!

லூப் நிற்குமா என்பது வேறு கேள்வி. சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வரும் ஓர் அளவைக் காட்டச் சொன்னார். கிடங்கு மூட்டை ஒவ்வொன்றாகக் குறைகிறது. பூச்சியத்துக்குக் கீழே இறங்க முடியாது. ஆகவே வேலை முடிந்தாக வேண்டும்.

1952-இல், ஓர் ஆணோடு கொண்ட உறவுக்காக அந்நாட்டுச் சட்டம் டூரிங்கைக் குற்றவாளியாக்கியது. சிறைக்குப் பதிலாக ஹார்மோன் சிகிச்சையை ஏற்றார். 7-6-1954 அன்று சயனைடு நஞ்சால் மறைந்தார். வயது 41. போரில் உதவியவருக்கு நாடு செய்த கைம்மாறு! 2013-இல் அரசியார் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். குற்றமே செய்யாதவருக்கு மன்னிப்பு எதற்கு?

அந்த மூன்று பக்கங்களையும் உலகம் மறந்துபோயிற்று. 1967-இல் அமெரிக்கர் ஃபிளாய்டும் 1969-இல் ஆங்கிலேயர் ஹோரும் அதே வழியைத் தாமே கண்டனர். 1984-இல்தான் ஆய்வாளர் இருவர் டூரிங்கின் கட்டுரையை மீண்டும் வெளியிட்டனர். சரிபார்ப்பதைப் பற்றிய அக்கட்டுரை முதலில் அச்சான போது பிழைகள் மலிந்திருந்தன. அவற்றை அவர்கள் திருத்த வேண்டியிருந்தது.