இரண்டு ஆண்டுகள் விற்காத கலப்பை



பழனியில் இருந்து கொடைக்கானல் மலை அடிவாரம் வரைக்கும் எத்தனையோ தோட்டங்கள், எத்தனையோ கிணறுகள். அங்கே தண்ணீர் இறைக்கும் மோட்டார்களை உற்றுப் பார்த்தால் சிலவற்றில் 'கிர்லோஸ்கர்' என்ற பெயரைக் காணலாம். நம் தாத்தாக்கள் காலத்து டீசல் என்ஜின்களிலும் அந்தப் பெயர் உண்டு. அது ஒரு குடும்பத்தின் பெயர். பின்னாளில் ஓர் ஊருக்கே பெயராகிவிட்டது!

அந்தப் பெயரை நாடறியச் செய்தவர் லட்சுமணராவ் கிர்லோஸ்கர். அவர் முதன்முதலில் செய்தது மோட்டார் அல்ல. மாட்டுக்குத் தீனி நறுக்கும் எந்திரமும், நிலத்தை உழும் இரும்புக் கலப்பையும்தான். அந்தக் கலப்பை என்ன பாடுபட்டது என்பதைக் கேளுங்கள்.

நிறம் தெரியாத ஓவியர்

1869ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி, பெல்காம் மாவட்டத்தில் குர்லஹொசூர் என்ற சிற்றூரில் லட்சுமணன் பிறந்தான். பெல்காம் இன்று பெலகாவி என்ற பெயரில் கர்நாடக மாநிலத்தில் இருக்கிறது. அப்பா காசிநாத்பந்த் வேதாந்தப் பண்டிதர். மகனும் தம்மைப்போல் நூல்களைக் கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. லட்சுமணனுக்கோ பாடப் புத்தகம் கசந்தது. படம் வரைவதும், எந்திரங்களைக் கழற்றிப் பார்ப்பதும் இனித்தன.

அண்ணன் ராமண்ணா தம்பிக்குத் துணை நின்றார். அவர் உதவியால் 1885இல் லட்சுமணன் பம்பாய் சென்று, ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தான். ஆனால் அங்கே ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அவனால் சில நிறங்களைப் பிரித்து அறிய முடியவில்லை! இதை நிறக்குருடு என்பார்கள். நிறம் பிரித்து அறிய முடியாதவர் எப்படி ஓவியர் ஆவது?

வேறு ஒருவராக இருந்தால் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருப்பார். லட்சுமணன் யோசித்தான். எந்திரங்களின் படம் வரைய நிறம் வேண்டாமே! கோடும் அளவும் சரியாக இருந்தால் போதுமே! அதையே கற்றான். விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிலையத்தில் எந்திர வரைபடம் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர் வேலையும் கிடைத்தது. இனி நாமும் அவரை மரியாதையாக அழைப்போம்.

லட்சுமணராவ் பாடம் நடத்தியதோடு நின்றுவிடவில்லை. ஓய்வு நேரத்தில் பட்டறைக்குப் போய் எந்திரங்களைத் தொட்டுப் பழகினார்.

சைக்கிள் கடை

ஒருநாள் பம்பாய்த் தெருவில் ஒருவர் இரண்டு சக்கர வண்டியில் போவதைப் பார்த்தார். அது சைக்கிள். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம். பம்பாயில் சைக்கிளை வாங்கி பெல்காமுக்கு அனுப்பினார் தம்பி. அதை அங்கே விற்று, ஓட்டவும் சொல்லிக் கொடுத்தார் அண்ணன். 1888இல் தொடங்கிய அந்தச் சைக்கிள் கடைதான் 'கிர்லோஸ்கர் பிரதர்ஸ்' நிறுவனத்தின் முதல் விதை.

பம்பாயில் லட்சுமணராவுக்குக் கிடைக்க வேண்டிய பதவி உயர்வு, ஓர் ஆங்கிலோ-இந்தியருக்குப் போய்விட்டது. மனம் வெறுத்த அவர் வேலையை விட்டுவிட்டு பெல்காமுக்கே வந்துவிட்டார். அண்ணனும் தம்பியுமாகச் சிறிய பட்டறை ஒன்றை ஆரம்பித்தார்கள்.

மாடு மிச்சம் வைத்த தட்டை

பட்டறையில் என்ன செய்வது? சுற்றிலும் உழவர்கள். அவர்களுக்கு எது தேவை என்று பார்த்தார் லட்சுமணராவ்.

சோளத்தட்டையை அப்படியே மாட்டின் முன் போட்டால் என்ன ஆகும்? மாடு இலையை மேயும். கெட்டியான தண்டை மிதித்துத் தள்ளிவிடும். பாதித் தீனி வீண். அதையே சிறுசிறு துண்டாக நறுக்கிப் போட்டால் தண்டையும் சேர்த்துத் தின்றுவிடும். கோடையில் தீனி கிடைக்காத நாட்களில் இது எவ்வளவு பெரிய லாபம்!

அரிவாளால் நறுக்கினால் கை வலிக்கும், விரலும் வெட்டுப்படும். எந்திரம் எப்படி நறுக்கும் தெரியுமா? ஒரு பெரிய சக்கரத்தில் வளைந்த கத்திகள் பொருத்தியிருக்கும். சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். முன்னால் பல் வைத்த இரண்டு உருளைகள் தட்டையைக் கவ்விக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும். கத்தி 'சரக் சரக்' என்று வெட்டும். உருளையின் பல் சரியாகக் கவ்வாவிட்டால் தட்டை நழுவும். துண்டுகள் நீளமாக விழும். ஒரு பல்லின் வடிவத்தில் இத்தனை விஷயம் இருக்கிறது, பாருங்கள்!

மண்ணுக்கு விஷமா?

அடுத்து 1903இல் இரும்புக் கலப்பை வந்தது.

நம் ஊர் நாட்டுக் கலப்பை மரத்தால் ஆனது. நுனியில் மட்டும் 'கொழு' என்ற சிறிய இரும்புத் துண்டு இருக்கும். அது மண்ணைக் கீறிக்கொண்டு போகும். ஒரு சாலுக்கும் அடுத்த சாலுக்கும் நடுவே கொஞ்சம் நிலம் உழாமல் நிற்கும். அருகம்புல்லும் கோரையும் வேர் அறாமல் பிழைத்துக்கொள்ளும்.

இரும்புக் கலப்பை வேறு மாதிரி. கொழுவுக்குப் பின்னால் காதுபோல வளைந்த இரும்புத் தகடு இருக்கும். கொழு மண்ணை வெட்டும். தகடு அதை அப்படியே தலைகீழாகப் புரட்டிப் போடும். களை மண்ணுக்கு அடியில் போய் மட்கி உரமாகும். இழுக்க மட்டும் வலுவான மாடுகள் வேண்டும்.

இவ்வளவு நல்ல கலப்பையை உழவர்கள் ஓடிவந்து வாங்கினார்களா? இல்லை. ஒருவர்கூட வாங்கவில்லை! இரும்பு பட்டால் மண் விஷமாகிவிடும் என்று பயந்தார்கள்.

சிரிக்காதீர்கள் பிள்ளைகளே. மரக் கலப்பையின் நுனியிலும் இரும்புதானே இருந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அது கையளவு இரும்பு. இதுவோ முழுக்க இரும்பு. உழவருக்கு இருப்பது ஒரே நிலம். அது கெட்டுவிட்டால் அந்த ஆண்டு வீட்டில் அடுப்பு எரியாது. கலப்பை செய்தவருக்கு நட்டம் வந்தால் பணம் போகும். உழவருக்கு நட்டம் வந்தால் சோறு போகும். ஆகவே அவர்கள் பயந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. முதல் கலப்பையை விற்க இரண்டு ஆண்டுகள் ஆயின! அத்தனை நாளும் லட்சுமணராவ் கலப்பையைக் கைவிடவில்லை. மெல்ல மெல்லத் துணிந்த உழவர்கள் வாங்கி உழுதார்கள். மண் கெடவில்லை. ஒரு வயலைப் பார்த்துப் பக்கத்து வயல்காரர் நம்பினார்.

அணில் பல்லும் கலப்பைக் கொழுவும்

விற்றுவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. கலப்பை செய்கிற எவருக்கும் பெரிய சோதனை கொழுவில்தான் இருக்கிறது. மண் என்பது உப்புத்தாள் மாதிரி. இரும்பை ஓயாமல் தேய்க்கும். மென்மையான இரும்பு என்றால் நுனி சீக்கிரம் மழுங்கிவிடும். மிகவும் கெட்டியான வார்ப்பிரும்பு என்றால் கல்லில் மோதியதும் உடைந்துவிடும். இரண்டுக்கும் நடுவே வழி என்ன?

இங்கிலாந்தில் ராபர்ட் ரான்சம் என்ற கலப்பைக்காரர் 1803இல் ஒரு வழி கண்டுபிடித்தார். உருகிய இரும்பு, குளிர்ந்த இரும்பின் மேல் பட்டால் பட்ட பக்கம் சட்டென்று ஆறிக் கல்லைப்போல் இறுகிவிடும். இந்த முறையில் கொழுவின் அடிப்பக்கத்தை மட்டும் கெட்டியாக்கினார். மேல்பக்கம் கொஞ்சம் மென்மையாகவே இருந்தது. உழும்போது மேல்பக்கம் முதலில் தேயும். அடிப்பக்கம் மெல்லிய விளிம்பாக நிற்கும். எனவே உழ உழக் கொழு தானாகவே கூராகிக்கொண்டிருக்கும்!

இதே உத்தி அணிலின் வாயில் இருக்கிறது. அணிலின் முன்பல்லில் முன்பக்கம் கடினம், பின்பக்கம் மென்மை. கொறிக்கக் கொறிக்கப் பல் கூர்மையாகும். இயற்கை எவ்வளவு பெரிய ஆசிரியர்!

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கலப்பைகள் நம் நாட்டிலும் விற்பனையாயின. பெல்காமின் சிறு பட்டறை அவற்றோடு போட்டியிட வேண்டியிருந்தது.

வீட்டைக் காலி செய்!

தொழில் கொஞ்சம் தலைதூக்கிய நேரத்தில் அடுத்த இடி விழுந்தது. நகரை விரிவாக்கப் போகிறோம், பட்டறை இருக்கும் இடத்தைக் காலி செய்யுங்கள் என்று பெல்காம் நகராட்சி சொல்லிவிட்டது. எந்திரங்களைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது?

அப்போது கைகொடுத்தவர் ஔந்த் என்ற சிறிய சமஸ்தானத்தின் அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி. இவர் நல்ல ஓவியர். சூரிய நமஸ்காரப் பயிற்சியை நாடெங்கும் பரப்பியவரும் இவரே. குண்டல் ரோடு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 32 ஏக்கர் நிலமும், பத்தாயிரம் ரூபாய் கடனும் கொடுத்தார்.

நிலம் என்றதும் பச்சை வயல் என்று நினைத்துவிடாதீர்கள். கள்ளிப் புதர் மண்டிய பொட்டல் காடு. பாம்புகள் வேறு! 1910 மார்ச் மாதம் அங்கே தொழிற்சாலையைத் தொடங்கினார்கள். கள்ளியை வெட்டினார்கள், பட்டறை எழுப்பினார்கள், தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டினார்கள். அந்தப் பொட்டல் காடு 'கிர்லோஸ்கர்வாடி' என்ற ஊரானது. இன்றும் மகாராஷ்டிர மாநிலம் சாங்லி மாவட்டத்தில் அந்த ஊர் இருக்கிறது.

அந்த ஊரில் லட்சுமணராவ் தீண்டாமைக்கு இடம் கொடுக்கவில்லை. இன்னொரு விஷயம் கேட்டால் வியப்பீர்கள். சிறை சென்று திரும்பியவர்களை இரவுக் காவலர்களாக வேலைக்கு வைத்தார்! அவர்களை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தார்.

பீரங்கி கலப்பையான கதை

1914இல் முதல் உலகப் போர் மூண்டது. வெளிநாட்டு இரும்பு வருவது நின்றது. இரும்பு இல்லாமல் எப்படிக் கலப்பை வார்ப்பது? பட்டறை மூடிக் கிடந்தால் ஊரே பட்டினி கிடக்கும்.

கோலாப்பூர் அரசர் சாகு மகாராஜா உதவிக்கு வந்தார். தம்மிடம் இருந்த பழைய பீரங்கிகளை உருக்கிக்கொள்ள அனுமதித்தார். ஒருகாலத்தில் மனிதர்களைக் கொல்லச் செய்த இரும்பு, உலையில் உருகி, சோறு போடும் கலப்பையாக வெளியே வந்தது.

போர் முடிந்த பிறகு நிறுவனம் நன்றாக வளர்ந்தது. நிலக்கடலை உடைக்கும் எந்திரம், கரும்பு ஆலை, நீர் இறைக்கும் பம்பு என்று உழவருக்கு வேண்டியவை ஒவ்வொன்றாக வந்தன. மகன் சாந்தனுராவ் அமெரிக்கா சென்று பொறியியல் படித்துத் திரும்பி, அப்பாவின் தொழிலை மேலும் பெரிதாக்கினார். லட்சுமணராவ் 1956 செப்டம்பர் 26ஆம் தேதி தமது 87ஆம் வயதில் காலமானார். அவர் பிறந்த நூற்றாண்டில், 1969இல், இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது.

பிள்ளைகளே, கண் நிறத்தைக் காட்டவில்லை, வேலை உயர்வைத் தரவில்லை, கலப்பை விற்கவில்லை, இருந்த இடமும் போனது. ஒவ்வொரு முறையும் அவர் கையில் மிச்சம் இருந்தது என்ன என்று பார்த்தார். அதை வைத்துக்கொண்டு அடுத்த வேலையைத் தொடங்கினார்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். இந்த விடுமுறையில் உங்கள் வீட்டு மண்வெட்டியையோ, களைக்கொத்தையோ, அரிவாள்மணையையோ எடுத்துப் பாருங்கள். எந்த இடம் அதிகம் தேய்ந்திருக்கிறது? அதைத் தினமும் பிடிக்கும் அம்மாவிடமோ தாத்தாவிடமோ, இதில் உங்களுக்கு எது சிரமம் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை ஒரு தாளில் எழுதி, பக்கத்திலேயே படமும் வரையுங்கள். நிறம் தீட்ட வேண்டாம். கோடும் அளவும் சரியாக இருந்தால் போதும்.