நீதியரசர் பத்ருத்தீன் தயாப்ஜி: வழக்கறிஞர் நிலையிலிருந்து நீதிபதி இருக்கை வரை

வழக்கறிஞருக்கு ஒரு பக்கம் உண்டு. நீதிபதிக்கு எப்பக்கமும் இல்லை. ஒரு பக்கம் நின்று வாதிட்டே வாழ்நாளில் பெரும்பகுதியைக் கழித்த ஒருவர், ஒருநாள் எப்பக்கமும் சாராத இருக்கையில் அமர்கின்றார். அவரை அவ்விருக்கைக்குத் தேர்ந்தெடுப்பவர் யார்? எவ்விதிகளின்படி தேர்ந்தெடுக்கின்றனர்? தேர்ந்தெடுத்தவர்களுக்கு அவர் கடமைப்பட்டவரா? வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்குத் தனி அதிகாரமே வகுத்த மொழியில் கற்கும் நமக்கு, இவை சிந்திக்கத்தக்க வினாக்களாகும். இவற்றுக்கு விடை தேட, பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முதல் முஸ்லிம் நீதிபதியான பத்ருத்தீன் தயாப்ஜி அவர்களின் வாழ்வை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

தயாப்ஜி 1844-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். சுலைமானி போரா வகுப்பைச் சார்ந்த வணிகக் குடும்பம் அவருடையது. தந்தையார் முல்லா தய்யப் அலி, ஆங்கிலக் கல்வியை ஐயத்துடன் நோக்கிய அக்காலத்திலேயே தம் மைந்தர்களைக் கடல் கடந்து அனுப்பிக் கற்பித்த துணிவாளர். மூத்த மைந்தர்களுள் ஒருவரான கம்ருத்தீன் இங்கிலாந்தில் பயின்று, சொலிசிட்டராகத் தகுதி பெற்ற முதல் இந்தியர் என்னும் சிறப்பை எய்தினார்.

உருதுவும் பாரசீகமும் பயின்று, பின்னர் எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் கற்ற பத்ருத்தீன், 1860-இல் இலண்டன் சென்றார். 1863-இல் மிடில் டெம்பிள் சட்டக்கழகத்தில் சேர்ந்தார். கண்நோய் அவரை வாட்டியமையால் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. ஓராண்டுக்குப்பின் மீண்டும் சென்று, 1867-இல் பாரிஸ்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு இறுதியிலேயே பம்பாய் உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய பாரிஸ்டராகத் தொழிலைத் தொடங்கினார்.

வழக்கறிஞர் வாழ்வு

அந்நீதிமன்றத்தின் மூல வழக்குப் பிரிவில் பாரிஸ்டர் ஒருவர் கட்சிக்காரரிடமிருந்து நேரே வழக்கைப் பெறுதல் அக்காலத்தில் இயலாதிருந்தது. கட்சிக்காரர் சொலிசிட்டரை அணுகுவார். சொலிசிட்டர் தக்க பாரிஸ்டரிடம் வழக்கை ஒப்படைப்பார். பாரிஸ்டர்கள் அனைவரும் ஆங்கிலேயராக இருந்த மன்றத்தில், தனியொரு இந்தியருக்கு எத்தனை சொலிசிட்டர்கள் வழக்களிக்க முன்வருவர்? அந்த இடர்ப்பாட்டில் அண்ணன் கம்ருத்தீனின் துணை பயன்பட்டது. எனினும் உறவினர் ஒருவர் வாயிலைத் திறந்துவிடலாமேயன்றி, ஏறத்தாழ 28 ஆண்டுகள் உள்ளே நிலைநிறுத்த இயலாது. அவரை நிலைநிறுத்தியவை உழைப்பும் புலமையுமேயாம்.

தொழிலில் உயர்ந்த அவர் பொதுப்பணியையும் மறந்தாரல்லர். அஞ்சுமனே இஸ்லாம் என்னும் கல்வி அமைப்பைத் தோற்றுவித்தோருள் அவரும் ஒருவர். 1882-இல் பம்பாய் சட்டமன்ற உறுப்பினரானார். 1885-இல் பெரோஸ்ஷா மேத்தா, தெலாங் ஆகியோருடன் இணைந்து பம்பாய் மாகாணச் சங்கத்தை நிறுவினார். 1887 டிசம்பரில் நம் சென்னை மாநகரில் கூடிய மூன்றாவது காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். காங்கிரசுக்குத் தலைமையேற்ற முதல் முஸ்லிம் அவரே. 607 பிரதிநிதிகள் கூடிய அம்மாநாட்டின் வரவேற்புக் குழுவிற்கு ராஜா சர் டி. மாதவராவ் தலைவராக விளங்கினார். முஸ்லிம்கள் காங்கிரசில் சேர்வது தகாது என சர் சையத் அகமத் கான் கருதிய காலம் அது. அப்பெரியாரை மதித்துக்கொண்டே, அவர் கருத்தினின்று மாறுபட்டுத் தம் நிலையை எடுத்துரைத்தவர் தயாப்ஜி.

நீதிபதித் தேர்வு: அன்றைய முறை

1861-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றங்கள் சட்டம் நீதிபதிகளாகத் தக்கவர் இன்னார் என வரையறுத்திருந்தது. நீதிபதிகளுள் மூன்றில் ஒரு பங்கினரேனும் ஐந்தாண்டு அனுபவமுள்ள பாரிஸ்டர்களாதல் வேண்டும். இன்னொரு மூன்றில் ஒரு பங்கினரேனும் சிவில் சர்வீஸ் அதிகாரிகளாதல் வேண்டும். எஞ்சிய இடங்களுக்குக் கீழ்நீதிமன்ற நீதிபதிகளும் பத்தாண்டு அனுபவமுடைய வக்கீல்களும் தகுதி பெற்றிருந்தனர். நிலையான தலைமை நீதிபதிப் பதவியோ பாரிஸ்டர்க்கே உரியது.

நியமனம் செய்யும் உரிமை முடியரசினுடையது. விண்ணப்பமோ எழுத்துத் தேர்வோ இல்லை. அரசின் நன்மதிப்பைப் பெற்றவரே அவ்விருக்கையை அடைதல் கூடும். அனைத்தினும் முதன்மையான செய்தி ஒன்றுண்டு: நீதிபதிகள் முடியரசு விரும்பும் வரையில்தான் பதவியில் நீடிக்கலாம் என்பதே அச்சட்டத்தின் விதி. கொடுத்த கையே எடுக்கவும் வல்லதாயிருந்தது.

இத்தகைய ஏற்பாட்டின்கீழ், காங்கிரஸ் தலைவராயிருந்த ஒருவரை 1895-இல் அரசு நீதிபதியாக்கியது. நானாபாய் ஹரிதாஸ், தெலாங், ரானடே ஆகிய இந்தியர்கள் அவருக்கு முன்னரே அம்மன்றத்தில் அமர்ந்திருந்தனர். ஐம்பது அகவையில் தயாப்ஜி வாதத் தொழிலைத் துறந்தார். அரசியல் மேடைகளினின்றும் விலகி நின்றார்.

சோதனை நாள்

ஈராண்டுகளில் சோதனை வந்தது. 1897 ஜூலை இறுதியில், கேசரி இதழில் வெளியானவற்றுக்காக லோகமான்ய திலகர் அரசு வெறுப்பைத் தூண்டிய குற்றத்தின்பேரில் கைதானார். புனேயில் ராண்டு என்னும் அதிகாரி சுடப்பட்டதனால் அரசு சினந்திருந்த வேளை அது. நடுவர் ஜாமீன் மறுத்தார். உயர்நீதிமன்றத்தை முதன்முறை அணுகியபோதும் ஜாமீன் கிடைக்கவில்லை. வழக்கு உயர்நீதிமன்ற விசாரணைக்கு அனுப்பப்பட்ட பின்னர், ஆகஸ்ட் 4-ஆம் நாள் வழக்கறிஞர் தாவர் மீண்டும் விண்ணப்பித்தார். அவ்விண்ணப்பம் தயாப்ஜியின்முன் வந்தது.

அரசு கடுமையாக எதிர்த்தது. குற்றம் சாட்டப்பட்டவர் விசாரணைக்குத் தவறாமல் வருவாரா என்பதையே தயாப்ஜி முதன்மையாகக் கருதினார். விசாரணைக்கு முன்னரே ஒருவரைச் சிறையில் வைத்திருந்து, பின்னர் அவர் குற்றமற்றவரெனத் தெரியவருமாயின், இழந்த நாட்களை ஈடுசெய்ய வழியில்லை. ஆகவே ஜாமீன் வழங்கினார். திலகரின் அரசியலை அவர் ஏற்றார் என்பது இதன் பொருளன்று. திலகரின் போக்கு வேறு, மிதவாதியான தயாப்ஜியின் போக்கு வேறு. தம்மை நியமித்த அரசு எதிர்க்கட்சியாக நின்ற வழக்கில், சட்டம் ஒன்றையே துணையாகக் கொண்டார் என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

பின்னர் அவ்வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்டிரேச்சி, திலகருக்குப் பதினெட்டுத் திங்கள் கடுங்காவல் விதித்தார். திலகருக்காக ஜாமீன் கேட்ட அதே தாவர், காலப்போக்கில் நீதிபதியாகி, 1908-இல் திலகருக்கே ஆறாண்டு நாடுகடத்தல் தண்டனை வழங்கியதையும் வரலாறு கூறுகின்றது. வழக்கறிஞராய் எப்பக்கம் நின்றார் என்பதைக்கொண்டு, ஒருவர் எத்தகைய நீதிபதியாவார் என்று கணித்துவிடுதல் அரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

இறுதி நாட்கள்

1902-இல் தயாப்ஜி தற்காலிகத் தலைமை நீதிபதியாகப் பணியாற்றினார். பம்பாயில் அப்பொறுப்பை வகித்த முதல் இந்தியர் அவரே. 1903-இல் முஸ்லிம் கல்வி மாநாட்டுக்குத் தலைமை தாங்கிப் பெண்கல்விக்கும் சீர்திருத்தத்துக்கும் குரல் கொடுத்தார். 1906 ஆகஸ்ட் 19-ஆம் நாள் இலண்டனில் காலமானார். பம்பாய் உயர்நீதிமன்றத்துக்கு இந்தியர் ஒருவர் நிலையான தலைமை நீதிபதியாக வர 1947-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாறு வந்தவர் எம்.சி. சாக்ளா.

இன்றைய முறை

1935-ஆம் ஆண்டுச் சட்டம் பாரிஸ்டர், சிவில் சர்வீஸ் பங்கீட்டை நீக்கியது. முடியரசு விரும்பும் வரை என்னும் விதியை மாற்றி, அறுபது அகவை வரை பதவி உறுதி தந்தது. இன்று அரசியலமைப்பின் 217-ஆம் விதிப்படி, பத்தாண்டுகள் உயர்நீதிமன்ற வழக்கறிஞராகவோ நீதித்துறைப் பதவியிலோ இருந்த இந்தியக் குடிமகன் உயர்நீதிமன்ற நீதிபதியாகலாம்; ஓய்வு அகவை 62.

உரிமையியல் நீதிபதிப் பதவிக்குத் தேர்வு எழுதுதல் போல, இப்பதவிக்குத் தேர்வெழுதி வர இயலாது. உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியும் மூத்த நீதிபதிகள் இருவரும் கூடிப் பெயரைப் பரிந்துரைப்பர். மாநில அரசின் கருத்தும் உளவுத்துறையின் அறிக்கையும் பெறப்படும். உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதியும் அங்குள்ள மூத்த நீதிபதிகள் இருவரும் ஆய்ந்து உடன்பட்டபின், குடியரசுத் தலைவர் நியமன ஆணை பிறப்பிப்பார். கொலீஜியம் எனப்படும் இம்முறை 1993, 1998 ஆண்டுகளின் உச்சநீதிமன்றத் தீர்ப்புகளால் உருப்பெற்றது. அதற்கு மாற்றாக 2014-இல் சட்டமியற்றப்பட்ட தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை, 2015-இல் உச்சநீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. நீதிபதிகளே நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பது வெளிப்படையானதா என வினவுவோரும் உளர். அரசின் கை ஓங்கினால் நடுவுநிலை பிழைக்குமா என அஞ்சுவோரும் உளர். இரண்டும் புறந்தள்ளத்தக்க கருத்துகளல்ல.

ஆயினும் தயாப்ஜியின் காலத்தில் முறை இவ்விரண்டினும் குறையுடையதாகவே இருந்தது. நியமித்தவர் நினைத்தால் நீக்கலாம் என்ற நிலையிலும் அவர் நடுவு பிறழவில்லை. நல்ல முறை வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் முறை தக்கவரை வாயில்வரைதான் அழைத்து வரும். அதற்குமேல் அவரை நடத்துவது அவர்தம் உள்ளமே. நம் மாணவச் செல்வங்கள் சட்டக்கல்வியை நாடுதல் வேண்டும். வழக்கறிஞர்களாய் உயர்தல் வேண்டும். அவ்வாறு உயர்வோர், ஒருநாள் அவ்விருக்கை தம்மைத் தேடி வருமாயின், அதற்குரிய நேர்மையை இன்றே பயின்று கொள்வாராக.