எண்ணெய்க் கிண்ணம் செய்த எலைஜா மக்கோய்

இங்கே ஒன்ராறியோவில், பாவித்த எஞ்சின் ஓயிலைச் சுத்திகரித்து மீண்டும் விற்பனைக்கு வைத்திருப்பார்கள். என் நண்பர்கள் பலர் அதைத் தங்கள் காருக்குத் தொடவும் மாட்டார்கள். அமெரிக்கப் பெற்றோலியக் கழகத்தின் முத்திரை பெற, புது ஓயிலுக்குரிய அதே எஞ்சின் சோதனைகளில் அதுவும் தேறவேண்டும் என்று நான் சொன்னாலும் எடுபடுவதில்லை. எண்ணெய்க்கு உரைகல் ஓடுகிற எஞ்சின்தான். அதைத் தன் கைகளால் அறிந்த ஒருவர் இதே மாகாணத்தில் பிறந்தவர்.

எலைஜா மக்கோய் 1844இல் கொல்செஸ்ரர் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் கென்டக்கியில் அடிமைகளாயிருந்து கனடாவுக்குத் தப்பி வந்தவர்கள். பதினைந்து வயது மகனை ஸ்கொட்லாந்தின் எடின்பரோவுக்கு அனுப்பிப் பொறியியல் படிக்கவைத்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய காரியம்! படித்து முடித்து அவர் மிச்சிகன் வந்தபோது, கறுப்பருக்குப் பொறியியலாளர் வேலை கொடுக்க யாருமில்லை. மிச்சிகன் மத்திய ரெயில்வேயில் அடுப்புக்குக் கரி போடவும் எஞ்சினுக்கு எண்ணெய் விடவுமே வேலை கிடைத்தது.

அக்காலத்து நீராவி எஞ்சின்களை அடிக்கடி நிறுத்தி, கையால் எண்ணெய் விடவேண்டும். நிறுத்தாவிட்டால் தேயும், சூடேறும், இறுகும். மக்கோய் எண்ணெய்க் குவளையுடன் அலைந்த அந்த அலுப்பிலிருந்தே வழி கண்டார். நீராவியின் அழுத்தத்தைக் கொண்டே சிலிண்டருக்குள் எண்ணெயைச் செலுத்தும் கிண்ணத்துக்கு 1872இல் காப்புரிமை பெற்றார். வண்டியை நிறுத்தாமலே எண்ணெய் இறங்கியது.

பின்னர் மிகைச்சூடாக்கிய நீராவியில் ஓடும் பெரிய எஞ்சின்கள் வந்தன. அந்த வெப்பத்தில் சாதாரண எண்ணெய் நிலைக்கவில்லை. வெப்பம் தாங்கும் கிராபைட் தூளை எண்ணெயோடு கலக்கலாம், ஆனால் தூள் அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் அதை ஊட்டும் கருவியை 1915இல், எழுபது வயது கடந்தபின் அமைத்தார். அவரது வேலைகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

ஐம்பதுக்கு மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றும் முதலில்லாததால் பலவற்றின் உரிமையை விற்றார். தன் பெயரில் நிறுவனம் தொடங்கியது 1920இல். அசல் பொருளைக் குறிக்கும் 'றியல் மக்கோய்' என்ற ஆங்கிலத் தொடர் இவரால்தான் வந்தது என்பார்கள். நான் அதை நம்பவில்லை. அதையொத்த ஸ்கொட்லாந்துத் தொடர் 1856இலேயே அச்சில் உண்டு.

1922இல் நேர்ந்த கார் விபத்து மனைவி மேரியைக் கொண்டுபோனது. மக்கோயும் அதிலிருந்து முழுதாக மீளவில்லை. 1929 அக்டோபரில் டிட்ராயிட் அருகே எலோயிஸ் மருத்துவமனையில் இறந்தார். 2012இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் டிட்ராயிட்டில் திறந்த கிளைக்கு அவருடைய பெயரை வைத்தார்கள்.