ஒரு பட்டாணி அளவு துத்தநாகம்



சர் ஹம்ப்ரி டேவி என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது சுரங்கத் தொழிலாளிகளின் பாதுகாப்பு விளக்குதான். சோடியம், பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தவர் என்று இன்னும் சிலர் சொல்வார்கள். ஆனால் எண்ணெய்க் கிடங்குகளில் வரிசையாக நிற்கிற அந்தப் பெரிய பெரிய எஃகு டேங்குகளின் அடித்தட்டு ஓட்டை விழாமல் இருக்கிறதே, அதற்கும் அவர்தான் மூலவர் என்றால் "அப்படியா!" என்பீர்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரு விஷயத்தில் டேவி தோற்றுப்போனார் என்றே அவர் காலத்தவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அந்தக் கதையைத்தான் இந்த மலரில் எழுத ஆசைப்படுகிறேன்.

டேவி 1778-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் தேதி, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் பகுதியிலுள்ள பென்சான்ஸ் என்ற கடலோர ஊரில் பிறந்தார். அப்பா மரத்தில் சிற்ப வேலை செய்பவர். டேவிக்குப் பதினாறு வயதாகும்போது கடனை வைத்துவிட்டு அப்பா கண்ணை மூடினார். ஐந்து பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். மேற்படிப்புக்கு ஏது வழி? உள்ளூர் வைத்தியர் ஒருவரிடம் தொழில் பழகப் போனார். பல்கலைக்கழகப் படியை மிதிக்காத அந்தப் பையன், லவாய்சியரின் வேதியியல் நூலைத் தானே படித்து, கையில் கிடைத்த பாத்திரங்களை வைத்துச் சோதனை செய்தே விஞ்ஞானி ஆனார். டிப்ளமோ படிக்கிற நமக்கு இதைவிடத் தெம்பு தரும் சேதி வேறு என்ன வேண்டும்?

1798-இல் பிரிஸ்டல் நகரில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே சிரிப்பூட்டும் வாயுவைத் தானே முகர்ந்து பார்த்துச் சோதித்தார். 1801-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனுக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் வோல்டாவின் மின்கலம் உலகுக்கு அறிமுகமாகியிருந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு 1807-இல் பொட்டாசியம், சோடியம், 1808-இல் கால்சியம், மெக்னீசியம் முதலியவற்றைப் பிரித்துக் காட்டினார். இந்த மெக்னீசியத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

1812-இல் சர் பட்டம். 1813-இல் புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்த மைக்கேல் ஃபாரடே என்ற இளைஞனைத் தன் உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார். 1815-இல் பாதுகாப்பு விளக்கு. அதற்கு அவர் காப்புரிமைகூட வாங்கவில்லை. 1820-இல் ராயல் சொசைட்டியின் தலைவர். தொட்டதெல்லாம் துலங்கிய காலம் அது.

1823-இல் பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து ஒரு பிரச்சினை வந்தது. அந்நாளில் போர்க்கப்பல்கள் மரத்தாலானவை. மரத்தைக் கடல்புழு துளைக்காமலும், அடியில் பாசி பிடிக்காமலும் இருக்கச் செம்புத் தகடு அடித்திருப்பார்கள். ஆனால் அந்தச் செம்பே உப்புத் தண்ணீரில் அரித்துப் போயிற்று. கடற்படைக்குப் பெரிய செலவு. என்ன செய்யலாம்?

டேவி ரொம்ப எளிமையாக யோசித்தார். அரிப்பு என்பது மின்சாரம் சம்பந்தப்பட்ட காரியம். செம்பைக் கொஞ்சம் எதிர்மின் பக்கம் தள்ளிவிட்டால் கடல்நீர் அதைத் தொடாது. அதற்குச் செம்பைவிடச் சுலபமாகக் கரையக்கூடிய துத்தநாகத்தையோ இரும்பையோ அதோடு ஒட்டவைத்தால் போதும். செம்புக்குப் பதில் அது கரையும், செம்பு தப்பிக்கும். ஒரு பட்டாணி அளவு துத்தநாகம், அல்லது ஒரு சின்ன ஆணியின் முனை, நாற்பது ஐம்பது சதுர அங்குலச் செம்பைக் காப்பாற்றியது. 1824-இல் இதை ராயல் சொசைட்டியில் கட்டுரையாக அளித்தார். இன்று நாம் கேதோடிக் புரொடெக்‌ஷன் என்று படிக்கிறோமே, அது பிறந்தது இப்படித்தான்.

அதே ஆண்டு போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் சமரங் என்ற போர்க்கப்பலுக்கு இரும்புத் தகடுகளைப் பொருத்தினார்கள். நம்ம பக்கத்துக் கொச்சியில் கட்டி 1822-இல் தண்ணீரில் இறக்கிய கப்பல் அது! கனடா பக்கம் போய்த் திரும்பி வந்தபோது செம்பு நல்லபடியாகவே இருந்தது. டேவி சொன்னது பலித்துவிட்டது.

ஆனால் பாருங்கள், இப்படித் தகடு பொருத்திய கப்பல்களின் அடியில் பாசியும் சின்னச் சின்னச் சிப்பி இனங்களும் அப்பிக்கொண்டன. கப்பலின் வேகம் குறைந்தது. காரணம் என்ன? செம்பு மெல்ல மெல்லக் கரைவதால்தான் அந்த விஷத்துக்குப் பயந்து எதுவும் ஒட்டாமல் இருந்தது. கரைவதை நிறுத்தியதும் விஷமும் நின்றுவிட்டது. உலோகம் பிழைத்தது, உலோகம் செய்துகொண்டிருந்த வேலை செத்தது! 1825-இல் கடலோடும் கப்பல்களில் இந்த முறையைக் கைவிடச் சொல்லி உத்தரவு வந்தது. நேற்றுவரை புகழ்ந்த ஊரே கேலி பேசியது. 1826-இல் பக்கவாதம் தாக்கியது. மறு ஆண்டு தலைவர் பதவியை விட்டார். 1829 மே 29-இல் ஜெனீவா நகரில் காலமானார். வயது ஐம்பதுதான்.

டேவியின் கணக்கு தப்பா? இல்லவே இல்லை. கணக்கைப் போட்ட இடம்தான் பொருந்தவில்லை. பல ஆண்டுகளுக்குப் பிறகு அதற்குச் சரியான இடம் மண்ணுக்குள் கிடைத்தது. 1928-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் குன் என்ற பொறியாளர், ரெக்டிஃபையர் வைத்து ஒரு நீண்ட எரிவாயுக் குழாய்க்கு மின்னோட்டம் கொடுத்துக் காப்பாற்றினார். குழாயிலிருந்து அது டேங்குக்கு வந்தது.

டேங்கின் சுவரும் கூரையும் காற்றில் இருக்கின்றன. காற்று வழியாக இந்த மின்னோட்டம் போகாது, ஆகவே அங்கே பெயிண்ட்தான் கதி. அடித்தட்டு அப்படியல்ல. மணல் படுகைமேல் ஈரத்தோடும் உப்போடும் உட்கார்ந்திருக்கிறது. மேலே எண்ணெய் நிற்பதால் அதன் அடிப்பக்கத்தை யாரும் கண்ணால் பார்க்க முடியாது. அதற்குத் துத்தநாகம் அல்லது மெக்னீசியம் ஆனோடுகளை மண்ணில் புதைத்து இணைக்கிறார்கள். ஆம், டேவி பிரித்த அதே மெக்னீசியம்! பெரிய டேங்காக இருந்தால் ரெக்டிஃபையர் வைத்து, டைட்டானியம் ஆனோடு வழியாக மின்னோட்டம் செலுத்துகிறார்கள். செம்பு - செம்பு சல்பேட் மின்முனையோடு ஒப்பிட்டு அளந்தால் எஃகு மைனஸ் 850 மில்லிவோல்ட்டுக்குக் குறையாமல் எதிர்மின் பக்கம் இருக்க வேண்டும்.

ஆனோடு எத்தனை கிலோ வேண்டும் என்று கணக்கிடுவது ஃபாரடேயின் விதியால். 1 ஆம்பியர் ஓராண்டு ஓடினால் சுமார் 9 கிலோ இரும்பு கரையும். துத்தநாகம் என்றால் 10.7 கிலோ. 1824-இல் ஃபாரடே ராயல் சொசைட்டி உறுப்பினரானபோது அதை விரும்பாதவர் டேவி. இன்றைக்குக் குருவின் முறைக்குச் சிஷ்யனின் கணக்குத்தான் துணை!

சென்ற ஆண்டு நாங்கள் பயிற்சிக்குப் போன ஒரு கிடங்கில், பழுது பார்ப்பதற்காக அடித்தட்டில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். மேல்பக்கம் பெயிண்ட் அப்படியே இருந்தது. புரட்டிப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக அரிப்பு. ஓர் இடத்தில் வெளிச்சமே தெரிந்தது. அந்த டேங்குக்குப் பாதுகாப்பு மின்னோட்டம் இருந்தது. ரிஜிஸ்டரில் எல்லா அளவும் சரியாகவே இருந்தது. அளந்ததெல்லாம் டேங்கின் ஓரத்தில்! ஆனோடுகள் சுற்றிலும் இருந்ததால் ஓரத்துக்குப் போன மின்னோட்டம் நடுவுக்குப் போதுமான அளவு போய்ச் சேரவில்லை. அங்கிருந்த மூத்த ஃபிட்டர் அண்ணன் இதைச் சாக்பீஸால் தரையில் வரைந்தே புரியவைத்தார். டேங்க் காலியாக இருந்தால் தட்டு எழும்பி மண்ணைத் தொடாமலும் போகும், அந்த இடத்துக்கு மின்னோட்டமே கிடையாது என்றும் சொன்னார். புது டேங்க் கட்டும்போதே நடுவில் நிரந்தரமாக ஓர் அளவு மின்முனையைப் புதைத்துவிட வேண்டும் என்பது இதனால்தான்.

எனக்கு டேவியின் கப்பலும் இந்த டேங்கும் ஒரே பாடத்தைச் சொல்வதாகத் தோன்றுகிறது. அங்கே செம்பு பிழைத்ததா என்று பார்த்தார்கள், கப்பல் ஓடுமா என்று முன்கூட்டிப் பார்க்கவில்லை. இங்கே மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்தார்கள், எந்த இடத்தைக் காட்டுகிறது என்று பார்க்கவில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் மண்ணுக்குள் இறங்கினால் அது யார் வீட்டுக் கிணற்றுக்குப் போகும் என்று யாரால் சொல்ல முடியும்?

நண்பர்களே! நாளை நாம் வேலைக்குப் போவோம். ரீடிங் எடுத்து எழுதுகிற நோட்டு நம் கைக்குத்தான் வரும். எண்ணை எழுதுவதோடு நிற்காமல், எங்கே அளந்தது, டேங்கில் எண்ணெய் எவ்வளவு இருந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். டேவிக்கு நாம் செய்கிற மரியாதை அதுவாக இருக்கட்டும்.