நந்தனார் பள்ளி தந்த சகஜானந்தர்

சுவாமி சகஜானந்தர் 1890-ல் ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் முனுசாமி. துறவு பூண்டு, நந்தனார் கோயிலுக்கு வெளியே காத்துக்கிடந்த சிதம்பரத்துக்கே வந்தார். 1916-ல் அந்த நந்தனார் பெயரில் பள்ளி தொடங்கினார். கல்வி மறுக்கப்பட்ட சேரிப் பிள்ளைகளுக்குத் தங்க இடமும் சோறும் கொடுத்துப் படிக்க வைத்தார். சட்டமன்ற உறுப்பினரான பிறகும் பள்ளியை விடவில்லை. 1959 மே 1-ல் மறைந்தார். நந்தனார் பெயரில் இன்று ஆண்களுக்கும் பெண்களுக்கும் அரசு மேல்நிலைப் பள்ளிகள் இயங்குகின்றன.

சாமளாபுரம் பகுதியில் பிள்ளையின் படிப்பை நிறுத்தித் தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் அனுப்ப நினைக்கும் பெற்றோர் அவரை நினைத்துப் பார்க்க வேண்டும். வாரச் சம்பளம் அந்த வாரமே செலவாகிவிடும். படிப்பு பேரப்பிள்ளை வரைக்கும் வரும்.